கீழ் அறையின் காற்று

"ஜன்னல்ல கை வைக்காத" என்றார் அப்பா.

"ஒரு நிமிஷம்ப்பா. மூச்சு முட்டுது."

"வேணாம்னா வேணாம். மெஷின் இருக்கிற வரைக்கும் வெளிக்காத்து உள்ள வரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுத்தானே போச்சு?"

மகள் கையை எடுத்துக்கொண்டாள். பாதிச் சுவர் மண்ணுக்குள் புதைந்திருந்த கீழ்த்தளத்து அறை அது. அம்மா உயிரோடு இருந்தவரை பகலெல்லாம் இங்கேதான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள். இப்போது அந்த மேசைமேல் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி ரேடானை அளந்துகொண்டிருந்தது. பூமிக்குள்ளிருந்து கசிந்து வரும் வாயு. நிறமில்லை, மணமில்லை. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைத் தின்றுவிடும். எதிர் வீட்டில் அளவு எகிறிப்போய் இருந்ததிலிருந்து தெருவில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

ஜன்னல் இடுக்கிலெல்லாம் அப்பா பழைய துணியைத் திணித்து, அதற்கு மேல் டேப்பும் ஒட்டியிருந்தார்.

"அவங்க சாத்தி வைக்கத்தான் சொன்னாங்க. நீங்க சமாதியே கட்டிட்டீங்க."

அப்பா சிரிக்கவில்லை. "அளந்தா ஒழுங்கா அளக்கணும்."

அளவு கூடினால் அவளால் கைக்குழந்தையோடு இங்கே குடிவர முடியாது. வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. அப்பாவையும் இனித் தனியாக விடுவதற்கில்லை.

அழைப்பு மணி அடித்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போன பரிசோதனைக்காரப் பெண்தான். நேராகப் படியிறங்கி வந்து பொத்தானை அழுத்தினாள். அப்பா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நிறையத்தானே காட்டுது?"

"அப்பா, வாயைக் கழுவுங்க."

"இருங்க சார், அவசரப்படுத்தினா அது கோவிச்சுக்கும்" என்ற அந்தப் பெண், திரையை இரண்டு முறை பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. ரொம்பவே கம்மி. குழந்தையைத் தாராளமாக் கூட்டிட்டு வாங்க."

மகளுக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. சிரித்தபடி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு தடவை வைங்க" என்றார் அவர்.

"எத்தனை தடவை வெச்சாலும் இதேதான் சார் வரும்."

"அப்போ வேற மெஷின் கொண்டாங்க. இது தப்பாக் காட்டுது."

"என்னப்பா ஆச்சு உங்களுக்கு? வீட்டுல விஷம் இல்லன்னுதானே சொல்றாங்க?"

அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தார்.

"வீட்டுல இல்லன்னா, சிகரெட்டையே தொடாத உங்கம்மாவுக்கு நுரையீரல்ல எப்படிம்மா கேன்சர் வந்துச்சு?" என்றார். "காலம்பூரா அவ பக்கத்துல உக்காந்து ஊதித் தள்ளினவன் நான் ஒருத்தன்தானே."