கடைசி வீட்டுக்கு முதல் தண்ணீர்

வேனின் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். காய்ந்து கிடந்தது.

காலையில் புறப்படும்போது விளிம்பு வரை நிறைத்த தொட்டி.

யாரும் களவாடவில்லை. திறந்துவிட்டது அவரேதான்.

பேரூராட்சியில் முப்பத்தோரு வருடம் குடிநீர் வால்வு திறந்தவர். குழாயில் தேங்கிய பழைய தண்ணீரைப் பத்து நிமிடம் வெளியே ஓடவிட்டு, அப்புறம்தான் தெருக்களுக்குத் திருப்புவார். மதியம் சாப்பிட வேனை நிறுத்திய இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. தொட்டியின் அடியில் இருந்த திருகுக் குழாயைத் திறந்துவிட்டார். குழம்பு ருசியில் அடைக்க மறந்து போனார்.

வேனுக்குள் மனைவி ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. ஊருக்குத் திரும்பத் தயாராக.

அடுப்பும் படுக்கையும் வைத்து அந்தப் பழைய வேனை அவர் வீடாக்கியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். ஒரு ராத்திரி. லாட்ஜ் கிடையாது, அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது கிடையாது. தண்ணீரோடும் நிம்மதியோடும் ஒரு ராத்திரி கழிந்தால் எங்கே கூப்பிட்டாலும் வருவாள். கழியாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும்.

அந்த ராத்திரி இன்றைக்கு.

பெட்ரோல் பங்கில் லாரிகளுக்கே இடமில்லை. தென்னந்தோப்புக் காவல்காரர் கையெடுத்துக் கும்பிட்டுப் போகச் சொன்னார். கோவில் மைதானத்தில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இருக்கைக்கு அடியில் இரண்டு கல் வைத்திருந்தார். கல் வைத்தால் அது வீடு, அதுவரை வெறும் வண்டி. கல்லை எடுத்து வைப்பது அவள் வேலை என்று பேச்சு. மூன்று இடத்திலும் அவள் குனியவே இல்லை.

நான்காவது இடம் இது. தேரிக்காட்டின் ஓரம். கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல், நடுநடுவே பனை. வெயில் பனந்தலைக்கு இறங்கிவிட்டது.

கவலைப்பட வேண்டிய நேரம். அவருக்கோ குஷி தாங்கவில்லை.

முப்பத்தோரு வருடம் ஊரைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் விடியுமுன் வால்வைத் திறக்க வேண்டும். கல்யாணத்தன்றும் திறந்தார்.

அவருடைய வீடு கடைசித் தெருவில் கடைசி வீடு. எல்லாத் தெருவும் பிடித்து முடித்த பிறகு, நூல்போலத் தண்ணீர் அங்கே வந்து சேரும். சில நாள் வராது. தன் வீட்டுக்காக ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே திருகியதில்லை. ஊரில் அவருக்கு நல்ல பெயர். வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

கேனை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மணலில் ஆட்டுக் குளம்புகள். பத்து அல்ல, நூறு. எல்லாம் ஒரே பக்கமாகச் சரிவில் இறங்கின.

ஆடு வீணாக நடக்காது. அவரும் இறங்கினார். நடையா ஓட்டமா என்று அவருக்கே தெரியவில்லை.

சரிவின் அடியில் தாழம்புதர். அதன் நிழலில் ஒரு பனையோலை. ஓலைமேல் ஒரு கல்.

தூக்கிப் பார்த்தார். முழங்கை ஆழத்தில் ஊற்று. தண்ணீர்.

கேனின் மூடியைத் திறந்தார்.

ஆடுகளைத் திருப்பிக்கொண்டிருந்த பெண் மேட்டிலிருந்தே சொன்னாள்.

“அண்ணாச்சி, கெடக்க தண்ணிய மொதல்ல எறச்சு வெளிய ஊத்திருங்க. பொறவு ஊறுறதுதான் குடிக்கிற தண்ணி. ராத்திரிக்கு இங்கனயே கெடங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் அவர் செய்த அதே வேலை.

நாக்கு வறண்டிருந்தது. ஆனாலும் அங்கே கிடந்த தேங்காய்ச் சிரட்டையால் ஒரு சொட்டு விடாமல் இறைத்து மணலில் ஊற்றினார். அடிமணல் தெரிந்தது.

காத்திருந்தார்.

மணல் கறுத்தது. பிறகு மினுங்கியது. பிறகு ஓரமாக ஒரு கண் திறந்து, ஊறத் தொடங்கியது. வால்வு இல்லை, சாவி இல்லை, மோட்டார் இல்லை. தன்னைக் கேட்காமல் தண்ணீர் வருவதை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

ஒரு சிரட்டை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவசரப்படுத்த முடியாது.

கேன் நிறைய ரொம்ப நேரம் ஆனது. ஓலையால் மூடிக் கல்லை வைத்தார். கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேடேறினார். ஒரு செருப்பு மணலில் புதைந்தது. எடுக்க நிற்கவில்லை. காற்று எழுந்து மணலை வாரி முகத்தில் அடித்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஞானப்பூ வேன் படியில் உட்கார்ந்திருந்தாள்.

கேனைச் சாய்த்துத் தம்ளரை நிறைத்து நீட்டினார். அவள் உடனே குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்தாள்.

“இன்னைக்குத்தான் நம்ம தெருவுக்கு மொதல்ல வந்திருக்கு.”

அவர் வேறு பக்கம் பார்த்தார். கண்ணில் மணல் விழுந்திருக்கும்.

இனி அவளைக் கல் வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று தோன்றியது. கல்லை எடுப்பதற்காக இருக்கைக்கு அடியில் கையை விட்டார்.

கல் இல்லை.

குனிந்து பார்த்தார்.

பின்சக்கரத்தில் இரண்டு கல்லும் முட்டுக் கொடுத்து நின்றன. காற்று கொண்டுவந்த செம்மணல் அவற்றின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது.