ஒட்டுவாரொட்டி

"ஏனுங்க, ஓடியாங்க! புள்ள கையைப் பாருங்க!"

தனப்பிரியா போட்ட சத்தத்தில் கதிர்வேல் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தான்.

எட்டு வயது மகள் கனிஷ்கா இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் உள்ளுக்கு மடங்கிக் கிடந்தன. ஒரு வாய் பிட்டு எடுப்பதற்குள் ரெண்டு தடவை கீழே போட்டுவிட்டாள். கடைவாயில் எச்சில் வேறு.

"அம்மிணி, அப்பாவைப் பாரு சாமி. என்ன பண்ணுது?"

"அ...ப்பா..." என்று இழுத்தாள் குழந்தை. நேற்று ராத்திரி வரைக்கும் ஊட்டையே இரண்டாக்கிய வாயாடி அவள்!

இதே மடங்கின கை, இதே குழறல். எங்கே பார்த்தோம் என்று தனப்பிரியாவுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த தெரு ராசுவின் மகள் அன்புச்செல்வி. கனிஷ்காவோடு மூணாங்கிளாஸ், ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. ஐப்பசி மழையில் அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, வாந்தி என்று படுத்தவள், விடிந்ததும் பெத்த தாயைப் பார்த்து "நீங்க ஆரு?" என்றாளாம். அப்புறம் வலிப்பு. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சேலத்து ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, உசுரோடு திரும்பியதே பெரிசு. ஆனால் வலது கை மடங்கிப் போச்சு. காலை இழுத்து இழுத்துத்தான் நடை. பேச்சும் சரியாக வரவில்லை.

அவள் திரும்பப் பள்ளிக்கூடம் வந்த அன்றே தனப்பிரியா தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், ஒட்டுவாரொட்டி நோயோட வந்த புள்ளைய எங்க புள்ளைகளோட உக்கார வெச்சா என்னுங்க அர்த்தம்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பொறுப்பு?"

அவரும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இவள் கேட்டால்தானே? கூட நாலு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு ஒரே ரகளை. கடைசியில் அன்புச்செல்விக்கு மூலையில் ஒற்றைப் பெஞ்சு போட்ட பிறகுதான் ஊடு வந்து சேர்ந்தாள். "இனிமே அவகூடப் பேசினே, தோலை உரிச்சுப்போடுவேன்" என்று மகளுக்கும் ஒரு மிரட்டல்.

இத்தனை செய்தும் இப்படி ஆயிருச்சே!

"ஒட்டிக்கிச்சுங்க! நம்ம புள்ளைக்கும் ஒட்டிக்கிச்சு!" தனப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு புள்ள. மொதல்ல காருல ஏறு." அதட்டிய கதிர்வேலுக்கே குரல் உடைந்திருந்தது.

எழுப்பி நடக்க விட்டால், கனிஷ்கா வலது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தாள். பார்த்த கதிர்வேல் அப்படியே வாரித் தூக்கிக்கொண்டான்.

ராசு ஊட்டு வாசலில் அன்புச்செல்வி நின்றிருந்தாள். காரைப் பார்த்துச் சிரித்தாள். தனப்பிரியா வெடுக்கென்று கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

திருச்செங்கோடு போய்ச் சேரும் வரைக்கும் ஒரே கேள்விதான்.

"நான் ஆரு சாமி? சொல்லு கண்ணு, நான் ஆரு?"

"அ...ம்மா."

மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மகளை மறுபடியும் உலுக்கினாள். "இப்பச் சொல்லு, நான் ஆரு?"

குழந்தைகள் டாக்டரம்மா கனிஷ்காவின் கழுத்தை மடக்கிப் பார்த்தார். கண்ணில் லைட் அடித்தார். முட்டியைத் தட்டினார்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"வாந்தி, வலிப்பு?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. ஆனா கூடப் படிக்கற புள்ளைக்கு மூளைக்காய்ச்சலுங்க. அவகிட்ட இருந்துதான் ஒட்டிக்கிச்சு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"அந்தக் காய்ச்சல் கொசு கடிச்சு வர்றதும்மா. ஒரு குழந்தைகிட்ட இருந்து இன்னொரு குழந்தைக்கு ஒட்டவே ஒட்டாது."

"அப்ப இது எப்படிங்க..?"

டாக்டரம்மா மேசை மேலிருந்த ரப்பர் பந்தை எடுத்தார்.

"கனிஷ்கா, பிடி!"

டக்கென்று நீண்டது வலது கை. அஞ்சு விரலும் விரிந்து பந்தைக் கப்பென்று பிடித்தது.

கதிர்வேல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். தனப்பிரியாவுக்குப் போன உசுரு திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அடிப்பாவி! நாடகமா ஆடினே? ஈரக்குலையே அந்து போச்சேடி!" என்று கையை ஓங்கினாள்.

டாக்டரம்மா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். "இரும்மா. கண்ணு, நீ சொல்லு. எதுக்கு இப்படிப் பண்ணினே?"

கனிஷ்கா பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். இப்போது பேச்சு குழறவில்லை.

"அன்பு தனியாவே உக்காந்து அழுவுறாம்மா. எனக்கும் அவளாட்டம் ஆயிட்டா, என்னையும் அந்தப் பெஞ்சுக்கே தொரத்தி உட்டுருவீங்கல்ல... அதுக்குத்தாம்மா!"