பதினைந்து நிமிடம் ஆற வேண்டும்

வெள்ளவத்தையில் சுபாஷினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதல் வடையைக் கடித்ததும் கரண்ட் போனது. அதற்குள் அம்மா அவளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தாள்: "கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாமோ எண்டு மட்டும் கேட்டுடாதை."

அண்ணன் ஜீவராஜ் யன்னல்களை விட்டுத் தள்ளி, முற்றத்துக் கோடியில் ஜெனரேட்டரை இயக்கினான். பத்து நிமிடத்தில் அதுவும் நின்றது.

"என்னடா?" அப்பா உள்ளேயிருந்து கத்தினார்.

"பெட்ரோல் ஊத்த வேணும் அப்பா. எஞ்சின் கொதிக்குது, பதினைஞ்சு நிமிசம் ஆற வேணும்."

"வந்த ஆக்கள் இருட்டில இருக்கினம். ஊத்தித் துலையன்!"

"சூட்டோட ஊத்தினா நெருப்புப் பத்தும். டோர்ச் பிடிக்க ஒராள் வேணும். மண் வாளியோட இன்னொராள் நிக்க வேணும்."

மாப்பிள்ளை கிருபாகரன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தான். கையில் வேலையில்லாமல் நின்றவள் சுபாஷினி மட்டுமே என்பதால், மண் வாளி அவளிடம் போனது.

"உங்கட மகன் நல்ல கவனம்" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"அதுதான் தொல்லை" என்றார் அப்பா.

இருபது நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தது. கிருபாகரன் தாயிடம் சொன்னான்: "எனக்குச் சம்மதம் அம்மா. அவ வேலையை விடமாட்டாவாம். அதுக்கும் சம்மதம்."

அப்பா முற்றத்துக்குப் போய்ப் பார்த்தார். பெட்ரோல் கேன் மூடி திறக்காமல் இருந்தது.

"எதையடா ஊத்தினனீ?"

"ஒண்டும் ஊத்தேல்லை. டாங்க் முதலே நிறைஞ்சுதான் இருந்தது."

"பிறகேன் இருபது நிமிசம்?"

"பதினைஞ்சு போதாதெண்டு தங்கச்சி சொன்னாள், அப்பா."