முன்னால் ஓடும் ஷூ

பங்குனி மாரத்தானுக்கென்று உலகநாதன் வாங்கிய ஷூ, மார்கழி முதல் நாளே, அவன் வெண்பொங்கலுக்கு நின்ற நேரத்தில் பெருமாள் கோயில் வாசலில் காணாமல் போனது. மறுநாள் விடியற்காலைப் பனியில் அது புறவழிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. குதிகாலில் அவன் மனைவி நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் பொட்டு இருந்ததால் சந்தேகமே இல்லை. ஷூவுக்குள் குரங்குக் குல்லா போட்ட ஒருவர் இருந்தார். உலகநாதன் வெறுங்காலோடு துரத்தினான். அன்று அரை கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. தை பிறந்தபோது ஐந்து கிலோமீட்டர் வரை பொட்டு கண்ணில் பட்டது. மாசியில் இருபது.

"இன்னிக்காவது பிடிச்சீங்களா?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

"நாளைக்கு."

"மூணு அலாரம் வச்சும் எந்திரிக்காத மனுசன். அந்தத் திருடன் நல்லா இருக்கட்டும்."

மாரத்தானுக்கு ஒரு வாரம் இருக்கையில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்டான். அவர் ஓடியபடியே திரும்பினார்.

"என்ன தம்பி, எதாச்சும் சொல்லணுமா?"

உலகநாதன் பொட்டைப் பார்த்தான். அவருக்கு முன்னால் ஆளே இல்லாமல் நீண்டு கிடந்த சாலையையும் பார்த்தான்.

"லேஸ் அவுந்திருக்குண்ணே."

அவர் குனிந்து கட்டிக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினார். அவர் இருபதடி போகட்டும் என்று உலகநாதன் காத்து நின்றான்.