நான் இல்லாத பாட்டு

காதில் இயர்போனோடு மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவனை, கடை முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையிலிருந்து அதே பாட்டுதானா? அவ்வளவு பிடிச்சுப்போச்சாப்பா?"

"பிடிச்சுப்போச்சா? வயிறு எரியுதும்மா!"

எரியாமல் என்ன செய்யும்? அந்தப் பாட்டைப் போட்ட பேண்ட் குழுவில் அஞ்சு வருஷம் கிட்டார் வாசித்தவன் அவன். போன மாதம் பாடகனோடு வாய்ச்சண்டை முற்றிப்போய், "நான் இல்லாம ஒரு பாட்டு வெளியிடுங்கடா, பாக்கலாம்!" என்று கதவை அறைந்துவிட்டு வந்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் வெளியிட்டுவிட்டார்கள், யாரோ ஒரு சுருட்டைமுடியனை வைத்துக்கொண்டு.

பாட்டு மண்ணைக் கவ்வும், நாலே நாளில் பாடகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான் என்று நினைத்திருந்தான். கூப்பிட்டால் போதும், இவன் மறுபேச்சில்லாமல் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடுவான். வீறாப்பெல்லாம் வெளியில்தான். பேண்ட் இல்லாத ஒரு மாதத்தில் சோறே இறங்கவில்லை.

ஆனால் போனில் பாட்டுக்குக் கீழே இருந்த, கேட்ட எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வெள்ளி மாலை நூற்றி முப்பது. சனிக்கிழமை முந்நூறு.

"யாருடா இவங்க? காது இருக்கா, இல்லையா?" என்று பொருமினான். அந்தச் சுருட்டை எங்கேயாவது ஒரு இடத்தில் சறுக்காமலா இருப்பான்? கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று, வெள்ளிக்கிழமை காலையிலேயே, பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தானாக ஓடும்படி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதும் அதுவே ஓடியது. "நிறுத்தித் தொலையேன்டா, எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு!" என்று அக்கா கத்தினாள்.

சறுக்கல் மட்டும் அகப்படவில்லை. படுபாவி, நன்றாகத்தான் வாசித்திருந்தான்.

திங்கள் மாலை ஐநூற்று எண்பது. அந்த நேரம் பார்த்துப் பாடகன் கடைக்குள் நுழைந்தான்.

"வாங்க சார், வாங்க! பாட்டு பிச்சுக்கிட்டுப் போகுது போல?" இவனே முந்திக்கொண்டான்.

"கிண்டல் பண்ணாதடா. ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்." பாடகன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பாட்டை யாருமே கேக்கலைன்னா, ரோஷம் பாக்காம உன்னையே திரும்பக் கூப்பிட்டுடலாம்னு நாங்க பேசி வெச்சிருந்தோம்."

இவன் லென்ஸ் தேய்ப்பதை நிறுத்தினான். "அப்புறம்?"

"ஐநூத்து எண்பது ஆயிடுச்சே. சுருட்டையே இருக்கட்டும்னு காலையில முடிவு பண்ணிட்டோம். வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சுக்கக் கூடாது, பாரு."

லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டான். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நல்லதுதானே. அத்தனை பேருக்கு அவனைப் பிடிச்சிருக்கும்போது நடுவுல நான் எதுக்கு?"

பாடகன் முதலாளியம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உன்கிட்ட என்னடா மறைக்கிறது? அத்தனை பேரெல்லாம் இல்ல. எத்தனை தடவை ஓடுச்சு, எத்தனை பேர் கேட்டாங்கன்னு எங்களுக்கு மட்டும் தனித்தனியா காட்டும். கேட்டது மொத்தமே ஒம்பது பேர். அதுல எட்டு பேர் எங்க வீட்டு ஆளுங்க, மரியாதைக்கு ஆளுக்கு ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டாங்க."

"அப்ப மீதி?"

"மீதி அத்தனையும் எவனோ ஒருத்தனேதான்டா! சுருட்டை வாசிச்சதுக்கு இப்படி உயிரை விடுறவனை எப்படி ஏமாத்துறது, நீயே சொல்லு?"