லென்ஸில் வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று நாற்சந்தி கேமராவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்க ஏணியில் ஏறிய மெக்கானிக் கோதண்டம், பக்தி முற்றிப்போய் லென்ஸிலேயே அப்பிவிட்டான். அவன் இறங்குவதற்குள், கண்ணெதிரே ஒரு லாரி ரெஜினாவின் இட்லி வண்டியில் மோதி அவள் காலை நசுக்கியது.

கேமரா பார்க்காத எதுவும் நடக்கவில்லை என்பதுதான் இப்போதைய சட்டம். பதிவில் செக்கச்செவேலென்று பொட்டு மட்டும் இருந்தது.

"நான் பார்த்தேன் ஐயா!" என்று கோர்ட்டில் கத்தினான் கோதண்டம்.

"உங்க கண்ணைக் கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணீங்க? சான்றிதழ் இருக்கா?" என்றார் நீதிபதி.

ஊர் கேமராக்களுக்கெல்லாம் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவனே அவன்தான். தன் கண்ணுக்குப் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. வழக்கு தள்ளுபடியானது, லாரிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"என் தப்பா இது?" என்று மேலதிகாரியிடம் கேட்டான். "நல்ல நாள்ல பக்தியா செஞ்சது, விடுப்பா" என்றார். வழக்கை நடத்திய வக்கீல் வாட்சைப் பார்த்தார். மனைவி, "முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

கடைசியில், செயற்கைக் காலுக்குக்கூட வழியில்லாமல் உட்கார்ந்திருந்த ரெஜினாவிடமே போய்க் கேட்டான். அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. உங்களாலதான்."