வேவுகாரப் பெட்டி

“‘இந்த வீட்டில நான் இருமினாலும் அமெரிக்காக்காரனுக்குக் கேக்குது. ஒண்டு இந்தப் பெட்டி இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும்.’ அம்மா சொன்னத அப்பிடியே சொல்லிட்டன். ஒரு சொல்லும் கூட்டல்ல, குறைக்கல்ல.”

ஆர்த்திகா மூச்சு விட்டாள். சொல்லாமலே விட்டிருக்கலாம். அம்மா கண்ணகை குசினி வாசலில்தான் நின்றாள். புருஷன் லக்ஷன் விறாந்தையில்தான் இருந்தான். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

ஆனால் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மரியாதையாம்! கல்யாணம் முடித்து, கல்லடியில் பெண் வீட்டோடு லக்ஷன் வந்து சேர்ந்த நாளிலிருந்து நடுவில் நிற்கும் தபால்காரி ஆர்த்திகாதான்.

“மாமிட்டச் சொல்லு, அது வேவு பாக்கிற பெட்டி இல்ல. ‘பெட்டி’ எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் கேக்கும்.”

“கூப்பிடுறமா இல்லையா எண்டு எந்த நேரமும் கேட்டுக்கொண்டு இருந்தாத்தானே அதுக்குத் தெரியும்? அதக் கேளு!”

லக்ஷன் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன்.

போன கிழமை அவன் வாங்கி வந்த பேசும் பெட்டி அது. சிரட்டை அளவுதான் இருக்கும். மழை வருமா என்றால் சொல்லும், பாட்டுப் போடு என்றால் போடும்.

“நேத்துச் சீலையப் பத்திக் கதைச்சன். இண்டைக்கு ஃபோனுக்குள்ள சீலை விளம்பரம்! காத்தான்குடிக் கடைக்காரன்கூட நான் வாசலுக்குப் போனாத்தான் சீலை காட்டுவான்” என்றாள் கண்ணகை.

ஆர்த்திகாவுக்கு அழுகை வந்தது. விடிந்தால் அவள் கொழும்புக்குப் போக வேண்டும். வங்கியில் ஒரு கிழமைப் பயிற்சி. போனால்தான் பதவி உயர்வு. போன முறை வந்த வாய்ப்பை, இந்த இரண்டு பேரையும் தனியே விட்டுப் போக முடியாமல், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள்.

“நான் இல்லாட்டி சோறு வேணுமா வேணாமா எண்டு ஆரு ஆரக் கேப்பீங்க?”

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

“பட்டினி கிடக்கிறதெண்டாலும் கிடங்க. நான் போறன்.”

போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் பயந்து பயந்து லக்ஷனுக்கு ஃபோன் எடுத்தாள். பின்னால் அம்மாவின் குரல்.

“கேட்டியாகா பெட்டி, இறால் சொதி மேசையில இரிக்கு. ஆறினா நல்லா இராது எண்டு சொல்லு.”

“அம்மா ஆரோட கதைக்கிறாங்க?”

“பெட்டியோட” என்றான் லக்ஷன். குரலில் சிரிப்பு.

ஆர்த்திகாவுக்கு நம்ப முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுத்தாள்.

“பெட்டி, பேப்பர் பாத்தியா? ஒரு கொம்பனிக்காரன் ஆயிரக்கணக்கான ஆக்கள ஒரே ஈமெயிலில வேலையால நிப்பாட்டிட்டானாம். கோயில் மடத்தில சட்டி கழுவுறவனக்கூட முகத்தப் பாத்துச் சொல்லித்தானே அனுப்புறம்!”

“பெட்டி, மாமிட்டச் சொல்லு, எங்கட கொம்பனி அப்பிடி இல்ல. முகத்தப் பாத்துத்தான் சொல்லுவாங்க. வீடியோவில.”

குசினிக்குள் அம்மா சிரித்த சத்தம் கொழும்பு வரைக்கும் கேட்டது. மருமகன் வீட்டில் இருக்கும்போது அம்மா வாய் விட்டுச் சிரித்து ஆர்த்திகா கண்டதில்லை.

பிறகு தினமும் இதே கூத்துத்தான்.

“செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்பப் போறாங்களாம், பெட்டி. முதல்ல கரடியனாத்துக்கு நேரத்துக்கு ஒரு பஸ்ஸ அனுப்பச் சொல்லு.”

“ரோபோ உடுப்பு மடிக்குதாம், பெட்டி. இஞ்ச ஒராள் வந்த நாளையில இருந்து ஒரு துவாய் மடிக்கல்ல.”

அன்று பின்னேரம் கொடியில் கிடந்த துவாய்களை மடித்தது ரோபோ இல்லை.

‘இருமினாலும் கேக்குதெண்டு குதிச்ச மனுஷி, இப்ப ஊர்ப் புதினம் முழுக்க அதுக்கிட்டயே ஒப்புவிக்குது’ என்று ஆர்த்திகா தனக்குள் சிரித்துக்கொண்டாள். கடைசியில் பெட்டி செய்த கொம்பனிக்காரன்தான் வென்றான்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினாள். லக்ஷன் சாப்பாட்டில் இருந்தான். கண்ணகை வழக்கம் போலக் குசினி வாசலில்.

“என்னம்மா, வேவுகாரனோட நல்ல கூட்டுப் போல!”

கண்ணகை முகத்தைத் திருப்பினாள்.

“பெட்டி, நான் வந்திட்டன். நல்ல பாட்டொண்டு போடு.”

சத்தமில்லை.

இன்னொரு முறை கேட்டாள். பிறகு லக்ஷனின் மேசையில் இருந்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். வயர் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, சுருட்டி, அம்மா கீரைக்கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சுடன் பின்னால் தொங்கியது.

“அம்மா! இத எப்ப கழட்டின நீங்க?”

“பெட்டி, அவளிட்டச் சொல்லு, அவ பஸ் ஏறின கையோட கழட்டினது எண்டு.”

ஆர்த்திகா புருஷன் பக்கம் திரும்பினாள். “உங்கட மேசையிலதானே கிடந்திரிக்கு. நீங்க பாக்கல்லையா?”

“பெட்டி, ஆர்த்திகாட்டச் சொல்லு, நான் அண்டைக்கே பாத்திட்டன் எண்டு.”

ஆர்த்திகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி, இப்ப நான் வந்திட்டன்தானே. ஆராவது எழும்பி இந்தப் பிளக்கக் குத்தி விடுங்க.”

கண்ணகை அகப்பையைத் தேடினாள். லக்ஷன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.